முடியாது என்று சொல்லி வாங்கிய லைசென்ஸ்

போன வாரம் எங்கள் மின் அறையில் புது ரப்பர் விரிப்புப் போட்டார்கள். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பேரங்காடியின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த அறை. நான் அங்கே சார்ஜ்மேன்; பெரிய மின் சுவிட்சுகளைத் தொட லைசென்ஸ் உள்ள ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் ரப்பர் வாசம் குப்பென்று அடித்தது. பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். ரப்பர் என்றால் பால்வாளிதான் நினைவுக்கு வரவேண்டும். வந்ததோ ஒரு பரீட்சை அறை. அங்கே இதே மாதிரி ஒரு விரிப்பின் மேல் நின்றுதான் நான் செத்துப்போனேன்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது பட்டாளத்தில் இருந்தேன். முகாமின் ஜெனரேட்டர்கள் என் பொறுப்பு. சேற்றில் இறக்கினாலும் ஓட வைத்துவிடுவேன். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. ஆனால் ஓய்வூதியம் வரும் அளவுக்கு என் ஒப்பந்தம் நீளமில்லை. என் மனைவி கோமதி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வெளியே என்ன வேலை கிடைக்கும் என்று பார்க்க, விடுப்பில் வந்தபோது சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். சூப்பர்வைசர் தமிழர்தான்.

"ஆர்மில பாத்ததெல்லாம் சரிண்ணே. லைசென்ஸ் இருக்கா?"

இல்லை.

"அப்ப ஜாகா வேலதான் இருக்குலா."

ஜாகா என்றால் காவல். குறைவான வேலை இல்லைதான். ஆனால் கைக்குத் தெரிந்த தொழில் சும்மா கிடக்குமே!

பணியில் இருக்கும்போதே வெளிவேலைக்குப் படிக்க எங்கள் கேப்டன் அனுமதி வாங்கித் தந்தார். சனிக்கிழமைகளில் ஈப்போவில் வகுப்பு. மாடியில் பாடம், கீழே காப்பிக்கடை. பாதி நேரம் எனக்குள் ஏறியது காப்பி வாசம்தான். இருந்தும் எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். செய்முறைப் பரீட்சையில்தான் வந்தது வினை.

பரீட்சை அதிகாரி ஒரு மலாய்க்காரர். பழுது பார்த்து முடித்த ஒரு சுவிட்சுப் பலகையைக் காட்டி, "ஆன் செய்" என்றார், எங்கள் சார்ஜன்ட் குரலில். என் உடம்பு தானாக விறைத்தது. "பாய்க், துவான்!" என்று சொல்லி, ஆகட்டும் ஐயா என்ற அந்த மிடுக்கிலேயே கைப்பிடியைத் தள்ளிவிட்டேன். பழுது பார்க்கும்போது பாதுகாப்புக்குப் போட்ட எர்த் இணைப்பை யாரும் இன்னும் எடுத்திருக்கவில்லை; அதோடு மின்சாரம் விட்டால் பலகையே வெடிக்கும். பயிற்சிப் பலகை என்பதால் மின்சாரம் இல்லை, பிழைத்தேன்.

"நீ செத்துவிட்டாய்," என்றார் அவர் அமைதியாக. "நானும்தான்."

சீருடையைக் கழற்றுவதற்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. சொன்னதும் செய்தே பழகிய கையை என்ன செய்வது? நடந்ததையெல்லாம் கோமதியிடம் சொன்னேன். அடுத்த விடுப்பில் அவள் சமையலறையில் நின்றுகொண்டு, "ஏங்க, பிளெண்டர் சுவிட்ச போடுங்க, சீக்கிரம்!" என்றாள். போட்டேன். மூடி இல்லை. அரைபட்ட மிளகாய் என் வெள்ளை பனியன், சுவர், காலண்டர் எங்கும்.

"நான் சொன்னா செஞ்சிடுவீங்களா? பாக்க வேணாமா?"

அன்றிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள்தான் எனக்கு அதிகாரி. திடீர் திடீரென்று கட்டளை பறக்கும். ஃபேனைப் போடு, அயர்ன் பாக்ஸைப் போடு. நான் பார்த்து, தொட்டு, சரியில்லை என்றால் "முடியாது" என்று சொல்ல வேண்டும். வாய் கூசியது. முதலில் முனகலாகத்தான் வந்தது. "சத்தமா!" என்பாள்.

இரண்டாவது முறை அதே அதிகாரி. "சீக்கிரம், மேலே எல்லாரும் இருட்டில் காத்திருக்கிறார்கள்," என்று விரட்டினார். என் கை கைப்பிடி வரை போய்விட்டது. நிறுத்தினேன். பலகையைக் குனிந்து பார்த்தேன்.

"தா போலே, என்சிக்." முடியாது, ஐயா. "எர்த் இன்னும் எடுக்கவில்லை."

"நான் உத்தரவு போடுகிறேன்."

"போட்டாலும் முடியாது."

முதல் தடவையாக அவர் சிரித்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம்தான் மகள் பிறந்தாள். அப்பா அப்போது எங்களோடு ஈப்போவில் இருந்தார். பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கதை முழுவதையும் கேட்டார்.

"பெரிய ஆபீசர்கிட்ட முடியாதுன்னு சொன்னியா?"

"ஆமாப்பா."

"அதுக்கு லைசென்ஸும் குடுத்தாங்களா?"

அவரால் நம்பவே முடியவில்லை. தோட்டத்தில் ஆபீசைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உள்ளே துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்பா அப்படித்தான் போனார், நானும் பள்ளிக்கு அப்படித்தான் போனேன்.

இப்போது தோட்டம் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு பூப்பந்து மண்டபம். போன மாதம் அப்பாவைக் காரில் அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். மண்டபத்தை நெருங்கியதும் என் கால் தானாக பிரேக்கை அழுத்தியது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் மெதுவா போறே? அங்க யாரும் இல்லலா. போ."