முள்ளம்பன்றியின் வலது கை

மெல்பேர்னில் ஒரு சிறுவர் தொலைக்காட்சித் தொடருக்குத் தச்சு வேலை செய்யப் போயிருந்தேன். பல தலைமுறைப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த பழைய படக்கதைப் புத்தகங்களைப் பொம்மைகளை வைத்துப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொம்மைகளுக்கு முழங்கால் உயரத்தில் கதிரையும் மேசையும் செய்து கொடுப்பது என் வேலை.

கதாநாயகன் ஒரு கிழட்டு முள்ளம்பன்றி. அதை ஆட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரு பெண் அதன் தலையையும் இடது கையையும் ஆட்டி, குரலும் கொடுப்பாள். இன்னொருவர் வலது கையுறைக்குள் தன் கையை விட்டு, அவளோடு ஒட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே குனிந்து நடக்க வேண்டும். நெட்டையான வலது கைக்காரருக்கு ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. இயக்குநர் சுற்றிலும் பார்த்தார்.

“உங்கள் உயரம் என்ன?” என்று என்னிடம் கேட்டார்.

“ஐந்தடி ஒன்று.”

“அருமை!” என்றார்.

பெண் பார்க்கப் போன எந்த வீட்டிலும் என் உயரத்தைக் கேட்டு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“முகம் வராதோ?”

“வராது.”

“கதைப்பீங்களோ?”

“அது தலையை ஆட்டுற பிள்ளை கதைக்கும். நான் கை மட்டும்தான்.”

ஆனாலும் சனிக்கிழமைக்குள் ஸ்பிரிங்வேல் கடைத்தெரு முழுவதற்கும் நான் நடிகனாகிவிட்டேன். த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலில் ஒரு அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, படத்திலை நடிக்கிறீராம். என்ன பாத்திரம்?”

“முள்ளம்பன்றியின்ரை வலது கை, அங்கிள்.”

அவர் என் தோளைத் தட்டினார். “பரவாயில்லை. எல்லாரும் சின்னனாத்தான் தொடங்கிறது.”

மூன்றாம் நாள், முள்ளம்பன்றி கஞ்சி குடிக்கும் காட்சி. கதையை எழுதி வரைந்த அம்மையார் எப்போதோ காலமாகிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய அவருடைய மகள் புத்தகத்தை மடியில் விரித்தபடி, ஒவ்வொரு காட்சியும் படத்தைப்போல இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். புத்தகத்தில் இல்லாத ஒரு பொத்தான் முள்ளம்பன்றியின் சட்டையில் இருந்ததற்காக அரை நாள் வேலையை நிறுத்தியவர்.

கமெரா ஓடத் தொடங்கியது. மூன்றாவது வாய்க்குத் தடித்த கையுறையிலிருந்து கரண்டி நழுவி மேடைக்கு அடியில் விழுந்தது. இயக்குநர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது என்பது விதி. எனக்கு உள்ளே வியர்த்தது. ஆனால் கைக்கு ஒரு பதற்றமும் இல்லை. அது தன்பாட்டில் கிண்ணத்துக்குள் இறங்கிக் கஞ்சியை ஓரமாகக் கூட்டியது, பிசைந்தது, உருட்டியது, நாலு விரலில் ஏந்திப் பெருவிரலால் முள்ளம்பன்றியின் வாய்க்குள் தள்ளிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் திடுக்கிட்டாலும் அதன் வாயைத் திறந்துகொடுத்து “ம்ம்ம்” என்றாள். பிறகு அந்தக் கை கிண்ணத்தின் விளிம்பையும் வழித்தது.

அதன் பிறகுதான் இயக்குநர் நிறுத்தச் சொன்னார். நான் கையுறையோடே வெளியே வந்தேன்.

“புத்தகத்தில் கரண்டி இருக்கிறது” என்றார் அம்மையாரின் மகள்.

“மன்னிக்க வேண்டும். விழுந்துவிட்டது.”

“அந்தப் பெருவிரலை என்ன செய்தீர்கள்? இன்னொரு தரம் காட்டுங்கள்.”

காட்டினேன். அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். படத்தில் கரண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, கையில் பிடிபடாமல் அந்தரத்தில் நின்றது.

“முள்ளம்பன்றியின் கையில் கரண்டியைக் கொடுக்க அம்மா ஒரு மாதம் போராடினாள். கடைசிவரை அது கையில் நிற்கவில்லை” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். “கரண்டியே வேண்டாம்.”

ஒளிபரப்பான அன்று நான், மனைவி, மகள் மூவரும் டிவிக்கு முன்னால் இருந்தோம். முள்ளம்பன்றி கிண்ணத்தில் கை வைத்ததுமே, “தட்ஸ் அப்பாஸ் ஹாண்ட்!” என்று மகள் கத்தினாள்.

“ஐயோ, பருப்பும் சோறும் குழைக்கிற மாதிரியெல்லோ குழைக்குது!” என்றாள் மனைவி. அவளுக்குக் கண்ணீர் வரும்வரை சிரிப்பு.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய மூன்று வயது மகள் கரண்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாளாம். டிவியில் யாரோ ஒரு மடையன் பொம்மைக்குக் கையால் தின்னப் பழக்கிவிட்டானாம்.

இரண்டு நிமிடம் அவளோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன். மூன்றாவது நிமிடம் மனச்சாட்சி உறுத்தியது. “அது நான்தான்” என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “சரி, சாப்பாடு கையில் எதுவரைக்கும் ஒட்டலாம்?”

“விரலில் இரண்டாவது கணு வரைக்கும். அதற்கு மேலே கூடாது.”

“இவளுக்கு முழங்கை வரைக்கும் ஒட்டியிருக்கிறது” என்றாள்.