நீக்கிலாஸ் போட்ட இரண்டாவது வாக்கு

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நீக்கிலாஸைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும்: “அந்தாள் ஒரு சோலிசுரட்டுக்கும் போகாது.” ராதாகிருஷ்ணனின் பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் பதினாறு வருடமாக மீன் வெட்டுகிறார். விளைமீனுக்குச் செதில் சுரண்டும்போதும் அறுக்குளாவைத் துண்டு போடும்போதும் சுற்றிவர அரசியல் கதை அனல் பறக்கும். இவர் வாய் திறக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதரின் தலையில்தான் 2024 யூலையில் ஒரு வாக்கு வந்து விழுந்தது. அதுவும் அவருடையதல்ல, அடுத்த வீட்டுக்காரருடையது.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். வயது ஐம்பத்துநாலு. பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து ஆறு வருடம். மனைவி இம்மாகுலேற் இன்னும் எடுக்கவில்லை. வாய்மொழிச் சோதனைக்கு இரண்டு தரம் போய், கேள்வி கேட்ட அதிகாரி அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே படித்ததெல்லாம் பறந்துபோய்த் திரும்பி வந்தவர். பத்து வருட அகதிக் கார்ட்டில் இருக்கிறார். அது வருகிற செப்டெம்பரில் முடிகிறது.

பாரிசுப் புறநகரான சார்செலில் பதினோராவது மாடியில், பழுதான லிப்டோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், ஏழு வருடத்துக்கு முன் நாட்டுப்புறத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். ரயிலில் போய் க்ரெய் நிலையத்தில் இறங்கி, காரில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் போகவேண்டும். நானூறு பேர் வாழும் ஊர். ஒரு மாதா கோயில், மெரி என்கிற ஊர்மன்றம் ஒன்று, சுற்றிவரக் காடு. வெள்ளைத்தோல் இல்லாத வீடு இவர்களுடையது ஒன்றுதான். லா சப்பலில் எல்லோரும் சிரித்தார்கள். “அங்கை போய் ஆரோடை கதைக்கப் போறீர்?” என்று கேட்டார்கள். நீக்கிலாஸுக்குக் கதைக்காமல் இருப்பதுதான் பிடித்தம் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை.

முதல் வருடம் ஒக்டோபரில், ஒரு ஞாயிறு காலை, காட்டுக்குள் துவக்குச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இருபது முப்பது. நீக்கிலாஸ் மாடியிலிருந்து ஓடி இறங்கியபோது இம்மாகுலேற் குசினி மேசைக்குக் கீழே, கையில் அகப்பையோடு இருந்தார். வெளியே வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. அன்று பின்னேரம் அடுத்த வீட்டுக் கிழவர் லூடோவிக் கதவைத் தட்டினார். ஊர் வேட்டைச் சங்கத்தின் தலைவர் அவர்தான். கோயில் கதவுத் திறப்பும் அவர் கையில்தான் இருந்தது. இம்மாகுலேற் மேசைக்கடியில் ஒளிந்ததை யன்னலால் பார்த்திருப்பார் போலும். கையில் ஒரு காட்டுப்பன்றித் தொடை. “மன்னியுங்கள். இனி முன்கூட்டியே சொல்கிறேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு வேட்டைக் காலத்தில் ஒவ்வொரு சனியும் போன் வரும்: “நாளை ஒன்பது மணிக்கு, ஆற்றுப்பக்கக் காட்டில். மடாமிடம் சொல்.” இம்மாகுலேற் ஒன்பது மணிக்கு முன்னமே வானொலியைச் சத்தமாகப் போட்டுவிட்டுச் செபமாலையோடு இருப்பார். பன்றியிறைச்சியை வறுத்த தூள் போட்டுப் பிரட்டி ஒரு கிண்ணம் லூடோவிக்குக்குப் போகும். இருபது ஊருக்கு ஒரு பாதர் என்பதால் மாதத்தில் ஒரு பூசைதான். அந்தப் பூசைக்குக் கதவைத் திறப்பது லூடோவிக், பீடத்துக்குப் பூ வைப்பது இம்மாகுலேற். சொந்தக்காரரே இப்படி இருக்கமாட்டார்கள்.

அந்த லூடோவிக்குக்கு யூன் கடைசியில் நெஞ்சு வலித்தது. பாரிசுக்குக் கொண்டுவந்து, லா சப்பலில் இருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்தார்கள். நீக்கிலாஸ் நாளும் மத்தியானம் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுச் சூப்போடு போய் வந்தார். புதன்கிழமை கிழவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஞாயிறு இரண்டாம் சுற்று. என்னால் வரமுடியாது. எனக்காக நீ போடு. பொலிஸ்காரர் இங்கேயே வந்து பதில்வாக்குப் பத்திரம் எழுதுவார், கேட்டுவிட்டேன்” என்றார் லூடோவிக்.

“ஓ, சரி” என்றார் நீக்கிலாஸ். நோயாளி கேட்டு இல்லையென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“யாருக்கென்று தெரியும்தானே?”

தெரியும். வெளிநாட்டுக்காரரைக் குறைக்கப்போவதாகச் சொல்கிற அந்தக் கட்சிக்கு. லூடோவிக் தானாகவே காரணத்தையும் சொன்னார். பாரிசில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேட்டையை நிறுத்தப் பார்க்கிறார்களாம். இன்றைக்கு ஞாயிறு, நாளைக்குத் துவக்கையே பறிப்பார்களாம். புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள் காலையில் கோயில் மணி அடிப்பதற்கு முறைப்பாடு எழுதுகிறார்களாம். பக்கத்துப் பட்டினத்தில் இறைச்சிக்கடைகள் எல்லாம் ஹலாலாகிவிட்டன, முகங்களெல்லாம் மாறிவிட்டன, தன் நாட்டிலேயே தான் விருந்தாளி போலிருக்கிறது என்றார். பிறகு நீக்கிலாஸின் புறங்கையைத் தட்டினார். “உன்னைச் சொல்லவில்லை. நீ வேலை செய்கிறாய். பூசைக்கு வருகிறாய். நீ எங்கள் ஆள்.”

“உங்கடை மேன்?” என்று கேட்க நினைத்து, அதைப் பிரெஞ்சாக்கி, “உங்கள் மகன்?” என்றார் நீக்கிலாஸ்.

“அவனா? மாற்றிப் போட்டுவிடுவான்.”

வியாழக்கிழமை பாரைமீனுக்குப் பதிலாகத் தன் சுட்டுவிரலை வெட்டிக்கொண்டார். பதினாறு வருடத்தில் முதல் தடவை. துணி சுற்ற வந்த ராதாகிருஷ்ணன் என்ன ஏதென்று கேட்க, எல்லாம் கொட்டுப்பட்டுவிட்டது.

“நீர் என்ன விசரே காணும்? இதுக்கே ரெண்டு நாளாய் முழுசிக்கொண்டு திரியிறீர்? மாத்திப் போட்டுட்டு வாரும். திரைக்குப் பின்னாலை ஆர் பாக்கிறது?” என்றார் ராதாகிருஷ்ணன்.

“அந்தாள் என்னை நம்பித் தந்தது, அண்ணை.”

“நம்பினாராம்! உம்மட கழுத்துக்குக் கத்தியை உம்மட்டையே தந்து தீட்டச் சொல்லியிருக்கிறார். நல்ல நம்பிக்கை.”

வரிசையில் நின்ற தவரத்தினம் என்ற வாடிக்கையாளர் தலையை நீட்டினார். கூசேன்வில்லில் வீடு, விமான நிலையத்தில் வேலை. “அவங்கள் எங்களுக்கு எதிரில்லை, தம்பி. மற்றவையளுக்குத்தான். எங்கடை ஆக்கள் குழப்படி இல்லையெண்டு அவங்களுக்குத் தெரியும். நானும் அவங்களுக்குத்தான் போட்டனான்” என்றார்.

லூடோவிக் சொன்ன அதே கதை, இப்போது தமிழில். மீனைப் பொதி செய்து நீட்டியபோது நீக்கிலாஸுக்குத் தவரத்தினத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் உண்மையான இடி வீட்டில் விழுந்தது. நீக்கிலாஸ் விசயத்தை வெள்ளி இரவே இம்மாகுலேற்றிடம் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்ற கணவரின் முன்னால் இம்மாகுலேற் வந்து நின்றார்.

“இஞ்சேருங்கோப்பா. இருபத்திரண்டு வரியமா இந்த நாட்டிலை இருக்கிறன். ஒரு நாளும் எனக்கொரு வோட்டு இல்லை. இப்ப உங்களிட்டை ரெண்டு இருக்கு. மற்றதை என்ரை எண்டு நினைச்சுப் போடுங்கோ. கடவுளாப் பாத்துத் தந்திருக்கிறார்.”

“அது லூடோவிக்கின்ரை.”

“அந்தாளுக்கு நான் ஒரு குறையும் வைக்கேல்லை. கறி குடுத்தனான், கோயில் கூட்டினனான். அந்தாளுக்காண்டி இந்த ஒரு கிழமையும் மன்றாடினனான். என்ரை கார்ட் செப்டெம்பர் முடியுது, தெரியும்தானே? அவங்கள் வந்தா என்னை என்ன செய்வாங்களோ? நான் எங்கை போறது?” குரல் உடைந்தது. இம்மாகுலேற் இலேசில் அழுகிறவர் அல்ல.

நீக்கிலாஸ் கடைசிப் பொத்தானையும் போட்டார். இருவரும் மெரிக்கு நடந்தார்கள். இம்மாகுலேற் வெளியே வாங்கில் உட்கார்ந்தார். உள்ளே மேசைக்குப் பின்னால் மேயர் அம்மா, தபால்காரர், வேட்டைச் சங்கத்து ஆட்கள் இருவர். எல்லோரும் கை கொடுத்தார்கள், லூடோவிக்கின் சுகம் விசாரித்தார்கள். நீக்கிலாஸ் இரண்டு உறையையும், இரு வேட்பாளரின் பெயர்ச் சீட்டிலும் இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு திரைக்குள் போனார்.

முதல் உறைக்கு நேரம் எடுக்கவில்லை. அது அவருடையது, அந்தக் கட்சிக்கு எதிரான சீட்டை மடித்து வைத்தார். இரண்டாவதை எடுத்தபோது கை நின்றுவிட்டது. மாற்றித்தான் போடுவது என்று அந்த நிமிடம் தீர்மானித்துவிட்டார். இம்மாகுலேற்றின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. எதிர்ச்சீட்டைப் பாதி மடித்தும்விட்டார்.

அப்போதுதான் மன்னாரில் வாக்குச்சாவடியாக இருந்த ஒரு பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. வாக்குரிமை வந்த பிறகு முதல் தேர்தல். அம்மா துவைத்துத் தந்த வெள்ளைச் சேட்டோடு, வாக்காளர் அட்டையைப் பிடித்தபடி வரிசையில் நின்று, உள்ளே போனால் எழுதுவினைஞர் தலை நிமிராமலே சொன்னார்: “உம்மடை வோட்டுப் போட்டாச்சு.” ஆர் போட்டது என்று கேட்க வாயெடுத்தார். மூலையில் ஒருவன் துவக்கோடு நின்றான். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று நீக்கிலாஸ் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதும் அது ஆபத்து என்று நினைக்கிறார். துவக்கைவிட அவரை வருத்தியது வேறொன்று. தன் பெயரில் யாரோ பேசிவிட்டுப் போய்விட்டார்கள், என்ன பேசினார்கள் என்றுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றும்போது அழுகை வந்தது. அதையும் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

வெளியே மேயர் அம்மா தொண்டையைச் செருமினார். நீக்கிலாஸ் மடித்த சீட்டைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். மற்றச் சீட்டை எடுத்து, தன்னை வேண்டாமென்று சொல்கிற சீட்டை, நாலாக மடித்து உறைக்குள் வைத்தார். பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். “வாக்களித்தார்!” என்று இரண்டு தரம் சத்தமாகச் சொன்னார்கள். தன் பெயருக்கு நேரேயும் லூடோவிக்கின் பெயருக்கு நேரேயும் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே இம்மாகுலேற்றுக்கு விளங்கிவிட்டது. எழுந்து, முன்னால் நடந்து போய்விட்டார். அன்றிரவு மெரிக் கதவில் முடிவை ஒட்டியிருந்தார்கள்: ஊரில் அந்தக் கட்சிக்கு நூற்று நாற்பத்தொன்று, எதிராக அறுபத்திரண்டு. தொகுதியையும் அவர்களே பிடித்தார்கள். நாடு முழுக்க அவர்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்று தொலைக்காட்சி சொன்னது; அதைக் கேட்டும் இம்மாகுலேற் திரும்பிப் பார்க்கவில்லை. நூற்று நாற்பத்தொன்றில் ஒன்று தன் கணவரின் கையால் விழுந்தது என்பதைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கள் மத்தியானம் நீக்கிலாஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். லூடோவிக் சவரம் செய்து, பளிச்சென்று இருந்தார்.

“வென்றுவிட்டோம், நிக்கோலா! நம் ஊரில் எத்தனை பார்த்தாயா? அதில் நாம் இரண்டு பேர்.”

“ஒருவர். உங்களுடையது போட்டேன், சொன்னபடி. என்னுடையது உங்களுக்கு எதிராக.”

கிழவரின் சிரிப்பு அப்படியே நின்றது. “ஏன்?”

“என் மனைவியின் கார்ட் செப்டெம்பரில் முடிகிறது.”

“இம்மாகுலேற்றை யார் தொடப்போகிறார்கள்? அது உங்களைப் பற்றியதல்ல என்று எத்தனை தரம் சொல்வது?”

“சீட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை” என்றார் நீக்கிலாஸ். தன் வாயிலிருந்து இப்படி வருமென்று அவரே எதிர்பார்க்கவில்லை.

மேம்பாலத்தில் மெத்ரோ போகும் சத்தம் யன்னலால் வந்தது. பிறகு நீக்கிலாஸ், புதன்கிழமையிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டார்.

“நான் இந்தக் கட்டிலில் படுத்திருந்து, என் வாக்கை உங்களிடம் தந்திருந்தால், நான் சொன்னபடி போட்டிருப்பீர்களா?”

லூடோவிக் ஒரு கணம் கண்ணை மூடினார். வாயில் பொய் வராத மனிதர் அவர். அந்த ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

“இல்லை. போட்டிருக்க மாட்டேன்” என்றார்.

இத்தனை நாளும் கட்சிக்குப் பயந்த நீக்கிலாஸ், முதல் தடவையாக இந்த மனிதருக்குப் பயந்தார். எழுந்து போகவேண்டும் என்று தோன்றியது. ஆனால் லூடோவிக் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். கிழவரின் கண்ணால் தண்ணீர் வடிந்தது, அதைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை. நீக்கிலாஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தன் கையை விடுவித்துக்கொண்டு, சூப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, கடைக்கு நடந்தார்.