முழுப்பேர்

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், பெரிய வளைவு வருவதற்கு முன்பே நேசராணி மடியிலிருந்த பொலித்தீன் பையை விரித்துக்கொண்டாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

"அம்மாவுக்கு வளைவு ஒத்துக்கல போல. மெதுவாப் போறேன்" என்றார் த்ரீவீல் ஓட்டிய இத்ரூஸ்.

"ஆமாங்க, வயசாச்சு."

பக்கத்தில் சாய்ந்திருந்த கணவர் கபிரியேல் இடது கையால் அவள் முதுகைத் தடவினார். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து வலது கை மடியில் கிடக்கிறது. பேச்சும் அன்றைக்கே போனது. ஆனால், அவள் பொய் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். எந்த வளைவும் அவளை ஒன்றும் செய்ததில்லை. வானொலி நிலையத்து மைக்தான் அவளை இப்படிப் படுத்தும்.

1987இல் அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். கபிரியேல் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, தோட்டத்து மாதா கோயிலுக்கு நத்தார் நாடகம் எழுதுகிறவர். பதுளை வானொலி நிலையம் நாடகம் போட அவரைக் கூப்பிட்டது. வேலை வாங்கும் கங்காணியாக அவர், கொழுந்து பறிக்கிறவளாக இன்னொரு பெண். ஒலிப்பதிவு நாளில் அந்தப் பெண் வரவில்லை. சும்மா ஊர் பார்க்கக் கூட வந்த மனைவியை அவர் மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

நேசராணிக்கு உள்ளங்கை வியர்த்து, எழுதிக் கொடுத்த தாளின் மை கலைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் திறக்கவில்லை. கபிரியேல் தாளைக் கீழே போட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிற மாதிரி, "நேசராணி" என்று அதட்டினார்.

காலை ஆறரைக்குத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பதினாறு வயதிலிருந்து பதில் சொல்லிப் பழகிய வாய் அவளையும் மீறித் திறந்தது.

"வந்திருக்கேங்க."

"பிந்தி வந்தா அரைப்பேருதான்."

"நேத்து நீங்க பிந்தி வந்தீங்களே, உங்களுக்கு யாருங்க அரைப்பேர் போட்டது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்றுதான் சொல்வார்கள். பாதி நாள் அரைப்பேர். தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் அதை அறியாதது ஒன்றுகூட ஊவா மாகாணத்தில் இல்லை. தாளை விட்டுப் பேசிய அந்தத் தவறிலிருந்து பிறந்த 'காலைப் பெரட்டு' நாடகம் பத்தொன்பது வருடம் ஓடியது. கபிரியேல் எத்தனையோ எழுதினார். ஆனால் அப்புத்தளை வரைக்கும் லயத்துச் சனம் மனப்பாடமாக வைத்திருந்தது இரண்டு இடங்களைத்தான்.

"உன் புருசன் பேரு என்ன?"

"அதை எப்படிங்க வாயால சொல்றது? மாதாவுக்கு வானத்துலேர்ந்து சேதி கொண்டு வந்தவரு பேரு."

"தபால்காரன் பேரா?"

மற்றது, பனிமூட்டத்தில் நடக்கும் பெரட்டில் அவள் வாய் திறக்காமல் கையைத் தூக்கும் இடம்.

"கையைத் தூக்கினா இந்தப் பனியில எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லு. சத்தம் இல்லைன்னா பேர் இல்லை."

ஊரெல்லாம் சிரித்த அந்தப் பத்தொன்பது வருடமும், ஒவ்வொரு ஞாயிறும், அவள் அதே வீதியில் வாந்தி எடுத்தாள். விளக்கு எரியுமுன் அவர் அவள் காதோரம் மெல்லப் பேர் கூப்பிடுவார். அப்புறம்தான் அவளுக்குக் குரல் வரும். இது வேறு யாருக்கும் தெரியாது, பெற்ற மகளுக்குக்கூட.

வீட்டிலும் அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. "இந்தாங்க" என்பாள். அவர் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரைக் கேட்டார்கள். உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், அவள் அடையாள அட்டையைத்தான் எடுத்து நீட்டினாள்.

போன மாதம் நிலையத்திலிருந்து றொமேஷ் என்ற இளைஞன் வந்தான். பழைய 'காலைப் பெரட்டு' ஒலிநாடாக்கள் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. அதனால் அம்மா நேரலையில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றான்.

"ஐயாவை ஏன் அலைக்கழிக்கணும்? நீங்க மட்டும் வாங்கம்மா. ரேடியோன்னா குரல்தானே."

தப்பாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். ஆனால் கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"அவரு வரலைன்னா நான் அரைப்பேருதான் தம்பி. ரெண்டு நாற்காலி போடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கூப்பிடாமல் ஒரு சொல்கூட மைக்கில் பேசியவள் இல்லை அவள். நேரலையில் வாயடைத்து நின்றால், அவரையும் கூட்டிப்போய் ஊரறிய அவமானப்படுத்தியதாகிவிடுமே.

நிலையத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. மைக் ஒன்றுதான், அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேயர்களே, 'காலைப் பெரட்டு' நேசராணி அம்மா நம்மோட இருக்காங்க. அம்மா, வணக்கம்."

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. றொமேஷ் கையை அசைத்து, பேசுங்க என்று கெஞ்சினான்.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. கபிரியேல் கழுத்து நரம்பு புடைக்க, கோணிய வாயைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிடப் பார்த்தார். "நே" என்பதற்கு மேல் எழவில்லை. மறுபடி முயன்றார். மூச்சுதான் வந்தது. அவர் கண்கள் நிறைந்து வழிந்தன.

விழுந்த அன்றுகூட அவர் அழுததில்லை.

நேசராணி மைக்கைப் பிடித்து இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே இழுத்தாள். பயம் போகவில்லை. ஆனால், பெரட்டில் பேர் கூப்பிட இன்றைக்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

"கபிரியேல்" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில், அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நனைந்த கண்களோடு அவளையே பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. குரலைத் தடிப்பாக்கி, கங்காணியின் அதட்டலோடு மறுபடி கூப்பிட்டாள்.

"கபிரியேல். வந்திருக்கியா, இல்லையா?"

அவருடைய இடது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. தோள்வரை வந்து, தலைக்கு மேலே போய், அங்கேயே நின்றது.

"கேட்டுக்கிட்டு இருக்கிற சனங்களே" என்றாள் அவள். இப்போது அது அவளுடைய சொந்தக் குரல். "பனியில கை தெரியாது, வாயைத் திறந்து சொல்லுன்னு இவரு என்னை எத்தனை வருசம் ஏசினாருன்னு உங்களுக்குத் தெரியும். இப்ப இவருக்கு வாய் வராது. ஆனா கையைத் தூக்கியிருக்காரு. பக்கத்துல இருக்கேன், எனக்கு நல்லாத் தெரியுது."

றொமேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆள் வந்திருக்கு" என்றாள் நேசராணி. "முழுப்பேர் போட்டுக்கங்க."

கை இன்னும் இறங்கவில்லை. அது வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை மெல்லப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, றொமேஷ் பக்கம் திரும்பினாள்.

"இப்பக் கேளுங்க தம்பி, என்ன கேட்கணுமோ."