புள்ளி வைத்து மறைத்த முகங்கள்

ஆஸ்டின் டவுனில் சாவு விழுந்தால், ஓர் ஆள் பந்தல்காரரிடம் ஓடுவார். இன்னோர் ஆள் ஷோபாவின் ஸ்டுடியோவுக்கு ஓடி வருவார். மாலை போட உடனே படம் வேண்டும். அடையாள அட்டையின் மங்கிய முகங்களைப் பெரிதாக்கி அலுத்துப்போன ஷோபா, இருக்கும்போதே நல்ல படம் எடுத்து வைக்கும்படி முதியவர்களிடம் சொல்லத் தொடங்கினாள். பட்டு உடுத்தி, பவுடர் பூசி, பிள்ளைகளுக்குத் தெரியாமல் வந்தார்கள். "நான் போற அன்னிக்குக் குடு. அதுவரைக்கும் யாருக்கும் காட்டாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

கல்யாண ஆல்பம் பார்க்க வருவோர் கண்ணில் அவை படுவது அபசகுனம். ஆகவே அந்தக் கோப்புறையின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாள். லினக்ஸில் அவ்வாறு செய்தால் கோப்புறை திரையில் தெரியாது.

கணினி திணறத் தொடங்கவே, புது லினக்ஸ் போட்டுத்தர அடுத்த தெரு லாயிட் வந்தான். திரையில் தெரிந்தவற்றையெல்லாம் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கினான். 'பழையவை அனைத்தும் அழிக்கப்படும்' என்றது திரை.

ஷோபா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இரு லாயிட். அமுக்காதே."

"எல்லாம் காப்பி ஆயிடுச்சுக்கா. பூட்டின பூட்டைப் பத்து வாட்டி இழுத்துப் பாக்கற ஆளு நீங்க!"

"இழுத்துப் பாத்துட்டே அமுக்கலாம். அந்த டிஸ்க்கைத் திற."

திறந்தான். கல்யாணங்கள் இருந்தன, பாஸ்போர்ட் படங்கள் இருந்தன. மறைந்தவற்றைக் காட்டும் விசைகளை அவளே அழுத்தினாள். புதிதாக எதுவும் தோன்றவில்லை. அப்படிப் படம் எடுத்துக்கொண்ட சந்திரம்மாவின் முகம் நினைவில் எழுந்தது. ஆயுள் முழுவதும் தெருக்கூட்டிய அவளுக்கு வேறு நல்ல படமே கிடையாது.

"பழசைத் திற, சீக்கிரம்."

கணினியின் பழைய வட்டில் அதே விசைகளை அழுத்தினாள். கோப்புறை இருந்தது. அதையும் டிஸ்க்கில் நகலெடுத்தாள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. பெயர் மட்டும் வந்து படம் வராமல் போயிருந்தால்? ஒவ்வொன்றாகத் திறக்க முற்பட்டாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"ஏன், செத்தவங்களா?"

"உயிரோட இருக்கறவங்க. அதான்."

அவன் சிரித்தபடி திரும்புவதற்குள் அடுத்த படம் திறந்துகொண்டது. கோட்டும் டையுமாகக் கிளிஃபர்ட். லாயிட்டின் அப்பா.

சிரிப்பு அப்படியே உறைந்தது. "இவரு எப்போ வந்தாரு?"

"ஈஸ்டர் முடிஞ்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"உடம்புக்கு ஏதாவது சொன்னாராக்கா?"

"ஒண்ணும் சொல்லலை. டை நேரா இருக்கான்னு மட்டும் கேட்டாரு."

அழிக்கும் பொத்தான் பக்கம் அவன் கை போகவேயில்லை. "இன்னொரு டிஸ்க் இருக்காக்கா? அதுலயும் ஒரு காப்பி எடுத்துடறேன்" என்றான்.