ஆயிரத்து ஐந்நூறு காயும் இரண்டு கார் டயரும்

தொண்டாமுத்தூர் சாலையில் இருபத்தாறு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். டயரில் எழுதியிருப்பதைப் படிக்காமல் விலையை மட்டும் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு தேங்காய் வியாபாரி டிரைவரோடு பிக்கப்பில் லோடு ஏற்றிக்கொண்டு வந்தார். பின்டயர் இரண்டும் மொட்டை. கையோடு கொண்டுவந்த இரண்டு கார் டயர்களை இறக்கிப் போட்டார்.

“ஏனுங்க, இதைய மாட்டிக் குடுங்க. அதே பதினாலு இஞ்சுதானுங்க.”

“ரிம்முல உக்காருமுங்க. லோடு தாங்காது.”

“காத்த அறுபது அடிச்சுப்போடுங்க, கல்லாட்ட நிக்கும்.”

எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள் என்றேன். “ஆயிரத்தி ஐநூறு காய்” என்றார். இங்கே எவரைக் கேட்டாலும் காய்க் கணக்குத்தான். டயருக்கு எண்ணத் தெரியாது.

பக்கத்து எடைமேடைக்கு வண்டியை ஓட்டச் சொன்னேன். முன்சக்கரங்களைத் தாண்டவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம். 1,520 கிலோ. கார் டயரில் இருந்த லோடு இண்டெக்ஸ், அதாவது தாங்கும் எடைக்கான குறியெண், 91. ஒரு டயருக்கு 615 கிலோ, இரண்டுக்கும் 1,230. எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த 615 அதிகமாகாது.

“உங்க கடைய உட்டா வேற கடையே இல்லீங்களா?”

“இருக்குது, போங்க. காங்கேயம் போற வழில வெடிச்சா ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கறது நீங்களா, இவரா?” டிரைவர் முருகேசனைக் காட்டினேன்.

முருகேசன் சாவியை எடுத்து முதலாளி கையில் வைத்தார். “அந்த டயர்ல நீங்களே ஓட்டிக்குங்க மொதலாளி. எனக்கு உசுரோட ஊட்டுக்குப் போகோணுங்க.”

முதலாளிக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

இண்டெக்ஸ் 102 உள்ள பிக்கப் டயர்களை மாட்டினேன். ஒன்றுக்கு 850 கிலோ. கதவோரம் ஒட்டியிருந்த காற்றழுத்த ஸ்டிக்கரில் லோடுக்கு என்று போட்டிருந்த 65 பவுண்டு காற்றை அடித்து, மறுநாள் காலை, டயர் ஆறியிருக்கும்போது வந்து சரிபார்க்கச் சொன்னேன். முருகேசன் வந்தார்.

என் கோபம் சும்மா வந்ததில்லை. கடை தொடங்கிய புதிதில் இன்னொரு முதலாளி இதே பேச்சைப் பேசினார். தாங்காது என்று சொல்லிவிட்டு, மாட்டியும் கொடுத்தேன். பல்லடம் தாண்டி டயர் வெடித்தது. டிரைவருக்கு இடது கை போயிற்று. டயர் மாட்டிய அன்று அந்த டிரைவர் என் கடை வாசலில்தான் நின்றிருந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, பின் அச்சை எடை போடுங்கள், பிறகு இண்டெக்ஸைப் படியுங்கள். முதலாளி கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். ஓட்டுகிறவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.