திதி கால் கழுவாமல் தூங்கினாளாம்

ஐந்தாம் மாதம் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, பாத்ரூம் போவதைத் தவிரக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. ஒக்கலிபுரத்தில் ரயில் போனாலே எங்கள் வீட்டுக் கட்டில் அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

மாமியாருக்கு டாக்டரை விடத் திதி கதைமேல்தான் நம்பிக்கை. திதி அசுரர்களைப் பெற்றவள். பிள்ளைகளை இந்திரன் கொன்றுவிட்டான் என்று, அவனைக் கொல்ல ஒருவனைச் சுமந்தாள். ஒருநாள் அந்தி நேரத்தில் அசந்துபோய்க் கால் கழுவாமல் தூங்கிவிட்டாள். விரதம் தவறியதுதான் சாக்கென்று இந்திரன் வயிற்றுக்குள் புகுந்து கருவைத் துண்டு துண்டாக வெட்டினான். கதை கேட்கிறவர்கள் திதியைத்தான் குறை சொல்வார்கள். வெட்டினவனை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, தேவராஜன் ஆயிற்றே!

"விளக்கு வெக்கிற நேரம், தூங்காதம்மா. கால் கழுவினியா?" தினமும் இதே பாட்டு.

"இந்திரன் எந்த பஸ்ல வருவான் அத்தை? மெஜஸ்டிக்ல எறங்குவானா?" என்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஒரு சாயங்காலம், கணவர் பீன்யா ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தபோது கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் நைட்டியில் ரத்தம். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மாமியார் என் கையை விடவில்லை. ஸ்கேனில் அந்தச் சத்தம் கேட்கும்வரை எனக்கு உயிரே இல்லை. துடித்துக்கொண்டுதான் இருந்தது. இனிக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மாமியார் ஒரு பேசினில் தண்ணீரும் துணியுமாக வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார். பாதத்தை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நேத்து நான் கால் கழுவாம தூங்கினதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல வர்றீங்களா? வாய்விட்டே சொல்லிடுங்க அத்தை."

அவர் துணியைப் பிழிந்தார். "எனக்கும் ஒண்ணு போச்சும்மா, உன் புருஷனுக்கு முன்னாடி. கேஜிஎஃப்ல, தங்கச் சுரங்கத்து லைன் வீட்ல இருந்தப்ப. கால் கழுவாம தூங்கிட்டாளாம்னு லைன் வீடு பூரா பேசினாங்க. நாளைக்கு உன்ன எவளும் அப்படி ஒரு சொல் சொல்லிடக் கூடாது."

அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் கழுவிக்கினுதாம்மா படுத்தேன்."