பறக்கும் ரயிலில் வளைகாப்பு

இந்திரா நகரில் ஏறியதும் எனக்கு ஜன்னலோர இடம் கிடைக்கத் தொடங்கியது ஆடி மாதத்தில். காலை நேரத்தில் மகளிர் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பது அரிது. வேளச்சேரியில் ஏறும் அக்கா ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்தார். அரசு அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் சமைப்பவர் அவர்.

"உக்காரும்மா. ரெண்டு உசிரு நிக்கக் கூடாது."

எனக்கு நாற்பத்தோரு வயது. குழந்தை இல்லை. வயிறு கொஞ்ச நாளாகப் பெருத்து வந்தது. வாயு என்று நினைத்திருந்தேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. ஜன்னலில் காற்று வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் ஸ்கேன் எடுத்தேன். ஊசி போட்டு வயிற்று நீரை எடுத்துப் பார்த்தார்கள். சினைப்பையில் புற்றுநோய், வயிற்றுக்குள் பரவி நீர் கோத்திருக்கிறது என்றார் மருத்துவர். முதலில் சில சுற்று கீமோ. அடுத்து அறுவை சிகிச்சை. கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அதன்பின் மறுபடி கீமோ. கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் புற்றுநோய் என்ற சொல்லை நான் யாரிடமும் என் வாயால் சொல்ல நேரவில்லை. வீட்டில் அதை 'ட்ரீட்மென்ட்' என்றோம். பத்திரிகை அலுவலகத்தில் இருபது வருடமாக, பிறர் எழுதியதில் இப்படிப்பட்ட மழுப்பலான சொற்களை அடித்துத் திருத்துவதுதான் என் வேலை.

ரயிலில் அந்த இரண்டு சொற்களும் இல்லை. தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயில் மொட்டைமாடிகளின் உயரத்தில் போகும். கொடியில் காயும் புடவைகள், தண்ணீர்த் தொட்டிகள், பல் துலக்கிக்கொண்டு நிற்கும் ஓர் ஆள், எல்லாம் அருகில் வந்து சத்தமில்லாமல் விலகும். கோட்டூர்புரம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது வெளிச்சம் கீழேயிருந்து வரும். பெட்டியின் கூரையில் தண்ணீர் அசைவதுபோல் இருக்கும். அங்கே நான் ஒரு கர்ப்பிணி. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வேன். வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது கைக்குத் தெரியவில்லை.

"நாலு வாய்க்கு மேல சாதம் இறங்கமாட்டேங்கறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பொண் கொழந்தைதான், பாத்துண்டே இரு" என்பார் திருவான்மியூரில் ஏறும் மாமி. வங்கியில் வேலை பார்ப்பவர்.

"வயிறு கூர்ப்பா கீது, கண்ணு தெரில? பையன்தான் மாமி" என்பார் அக்கா.

"நீ உள்ள போய்ப் பாத்துட்டு வந்தியாக்கும்!"

ஆடி முடிந்ததும் இருவரும் வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் அது வழக்கம். யாராவது கர்ப்பமாக இருந்தால் ஓடும் ரயிலிலேயே வளையல் போட்டு, கலந்த சாதம் கொடுத்து, அவரவர் நிலையம் வருவதற்குள் முடித்துவிடுவார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. கீமோ திங்கட்கிழமை. அதன் பிறகு ரயிலுக்கு வர முடியாது. வெள்ளிக்கிழமை நான் சொல்லியே ஆக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா ரங்கநாதன் தெருவில் வாங்கிய சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்களை எடுத்தார். மாமி சின்ன டப்பாவில் கரைத்த சந்தனத்தை என் கன்னத்தில் தடவினார். புளியோதரை வாசனை பெட்டி முழுக்கப் பரவியது.

"கைய லூசா வுடு. முறுக்கிக்கினா ஒடஞ்சிடும்."

இரண்டு வளையல்கள் ஏறியிருந்தன. ரயில் பாலத்துக்கு வந்தது.

"அக்கா, குழந்தை இல்ல. கேன்சர்."

மாமி டப்பாவை மூடினார். யாருடைய கைப்பேசியிலோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் கையை விடவில்லை. அவர் முகத்தில் கோபம் ஏறியது.

"ஏன் மொதல்லியே சொல்லல?"

"உங்க இடத்துல உக்காந்ததுக்கு..."

"எடத்த வுட்டுத் தள்ளு! வாராவாரம் அம்மனாண்ட நான் இன்னா கேட்டுக்கினு இருந்தேன் தெரியுமா? உன் வயிறு நல்லா பெருசா வளரணும்னு கேட்டேன்டி!"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. நானும் சிரித்தேன். சிரித்தபோது வயிறு இழுத்துப் பிடித்து வலித்தது.

"சிரிக்காதீங்க. கேட்டத ஆத்தா குட்த்துக்கினு கீறா" என்றார் அக்கா.

முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையம் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, "எறங்கு" என்றார். அவர் இறங்கும் நிலையம் இன்னும் தள்ளி இருந்தது. எனக்கும் அப்படித்தான். மாமியும் புளியோதரைத் தூக்கோடு இறங்கினார். "ஒரு நாள் லேட்டா போனா மேனேஜர் கடிச்சுட மாட்டார்."

எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஓலைக் கூரைக்குக் கீழே மஞ்சளும் குங்குமமுமாக இருந்த அம்மன் முன் நின்றபோது, அக்கா இந்த முறையாவது பிழையில்லாமல் கேட்க வேண்டுமே என்று பயமாக இருந்தது.

அவர் மீதி வளையல்களை அம்மன் முன் வைத்தார். துணிக்கடையில் எடுத்ததை மாற்ற வந்தவர்போல் உரக்கவே பேசினார்.

"ஆத்தா, நான் கேட்டது தப்பாப் பூட்ச்சி. அத்த கேன்சல் பண்ணிடு. இவுளுக்கு வயிறு வத்தணும்." என் பக்கம் திரும்பினார். "எங்கெங்க கீதுன்னு சொல்லு. கரெக்டா கேக்கணும்."

"சினைப்பையில. ரெண்டு பக்கமும்" என்றேன்.

"ரெண்டு பக்கமும், ஆத்தா. அப்புறம்?"

"வயித்துக்குள்ள ஜவ்வுல பரவியிருக்கு. தண்ணி கோத்திருக்கு."

அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். "மருந்து ஒடம்புக்கு நன்னா ஒத்துக்கணும், அதையும் சொல்லு" என்றார் பின்னாலிருந்து மாமி. அதையும் சொன்னார்.

"ஆப்ரேசன்ல இன்னா பண்ணுவாங்க?"

"கர்ப்பப்பை, சினைப்பை, எல்லாத்தையும் எடுத்துடுவாங்க."

அக்கா என் வயிற்றைப் பார்த்தார். பிறகு அம்மனிடம் திரும்பினார்.

"எட்த்துக்கட்டும், ஆத்தா. இவள வுட்டுடு."